கூறு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழுக்குத் தலைப்புக் கேட்டு ஒரு தம்பி தொலைபேசியில் பேசினார். “கிரில் பற்றிப் பேசுகிறேன்” என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு மிகுந்த மரியாதையோடு, “சமையல் கலைங்களா ஐயா?” என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற சாலையில் கிரில் என்று எழுதியிருக்கும் பலகையெல்லாம் கோழிக்கடைப் பலகைதான். நான் சொல்ல வந்த கிரில் தென்துருவக் கடலில் இருக்கிறது. சுண்டுவிரல் நீளம், இரண்டு கிராம் எடை. நார்வேக்காரர்கள் பொடி மீன்குஞ்சுக்கு வைத்திருந்த பெயர் அது. திமிங்கில வேட்டைக் கப்பல்களில் ஏறி உலகம் முழுக்கப் போய்விட்டது. ‘கூறு’ என்று தலைப்பை மாற்றிக்கொடுத்தேன். காரணம் போகப் போகத் தெரியும்.

பழவேற்காட்டுச் சந்தையில் சென்னாக்குன்னியை நிறுத்துக் கொடுக்க மாட்டார்கள். தார்ப்பாயில் சின்னச் சின்னக் குவியலாக வைத்திருப்பார்கள். ஒரு குவியல் ஒரு கூறு. மாணவர்களை ஏரிக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் ஒரே ஆயாவிடம்தான் வாங்குவேன். முதல் முறை நான் குனிந்து ஆராய்வதைப் பார்த்து, “இன்னா சார் பாக்குற? எறா வாங்க வக்கில்லாதவங்களுக்கு இதான் எறா” என்றார். கடல் உணவின் பொருளாதாரத்தை அவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வறுத்து, காய்ந்த மிளகாயும் பூண்டும் வைத்து இடித்தால் பொடி. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பில் ஒரு பிடி போட்டால் தெருமுனை வரை மணக்கும். முருங்கைக்கீரையோடு சேர்த்துப் பிரட்டினால் மழைக்காலத்தில் படகு போகாத நாளுக்குக் கவலையில்லை. இலங்கையில் இதைக் கூனி என்பார்கள், மும்பையில் ஜவளா. மலேசியத் தமிழர் சம்பாலுக்கு இடித்துப் போடும் பெலாச்சானும் இந்தக் குடும்பத்துப் பொடி இறாலை உப்பிட்டு நொதிக்கவைத்ததுதான்.

என் பிழை ஒன்றை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விலங்கியல் வகுப்பில் பல ஆண்டுகள், “கிரில் என்றால் வேறொன்றுமில்லை, நம் சென்னாக்குன்னிதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்ல எளிது, பிள்ளைகளுக்கும் உடனே புரியும். இன்றும் பத்திரிகைகள் கிரில்லைக் கூனி இறால் என்றே மொழிபெயர்க்கின்றன. ஒரு நாள் பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து வந்து படித்த பையன் ஒருவன், வீட்டிலிருந்து ஒரு பிடி குன்னியைச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டு வந்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தான். “சார், நீங்க போர்டுல வரைஞ்சதுல பின்னாடி கால் இருக்கு, இதுல இல்லையே” என்றான். அவன் எண்ணியது சரி. சென்னாக்குன்னிக்கு நடக்கும் கால்களில் கடைசி இரண்டு இணை கிடையாது. இறாலின் தூரத்து உறவான அது அசிட்டஸ் என்ற பேரினம். கிரில் வேறு வரிசையைச் சேர்ந்தது. அதன் செவுள்கள் ஓட்டுக்குள் ஒளியாமல் வெளியே குஞ்சம் போலத் தொங்கும். உடலில் ஒளி உமிழும் உறுப்புகள் உண்டு. சென்னாக்குன்னி கரையோரக் கலங்கல் நீரில் ஓராண்டுக்குள் வாழ்ந்து முடித்துவிடும். தென்துருவக் கிரில் ஐந்தாறு ஆண்டு இருக்கும். நம் வங்கக் கடலிலும் கிரில் இனங்கள் இருக்கின்றன. அவை ஆழக்கடலில் பகலெல்லாம் இருட்டுக்குள் பதுங்கிக் கிடந்து, இரவில் மேலேறி மேய்ந்துவிட்டு, விடியுமுன் இறங்கிவிடும். உலகில் கிரில் இனங்கள் மொத்தம் 86. பழவேற்காட்டு வலையில் அவற்றில் ஒன்றும் விழாது.

பையன் திருத்தியதை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் பழைய வாக்கியத்தை முழுதாகக் கைவிட மனம் வரவில்லை. உடலமைப்பில் வேறு என்றாலும், இரண்டும் கடலில் பார்ப்பது ஒரே வேலை.

அந்த வேலை என்ன என்று ஒரு சின்னக் கணக்கில் சொல்கிறேன். கடலில் ஓர் உயிரை இன்னோர் உயிர் தின்னும்போது, தின்றதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தின்ற உயிரின் உடம்பாகத் தேறும். மிச்சம் மூச்சிலும் ஓட்டத்திலும் கழிவிலும் போய்விடும். இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ வஞ்சிரத்துக்குப் பத்துக் கிலோ நெத்திலி. பத்துக் கிலோ நெத்திலிக்கு நூறு கிலோ நுண்விலங்கு. அதற்கு ஆயிரம் கிலோ நுண்பாசி. கலியாணப் பந்தியில் ஒரு துண்டு வஞ்சிரத்தை ஒதுக்கி வைப்பவர் எத்தனை கிலோ பாசியை ஒதுக்குகிறார் என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டு, பக்கத்து இலைக்காரரிடம் சொல்லி, கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.

இப்போது நீலத் திமிங்கிலத்தைப் பாருங்கள். பாசியைக் கிரில் தின்கிறது, கிரில்லைத் திமிங்கிலம் தின்கிறது. இரண்டே படி. கண்ணுக்குத் தெரியாத பாசியை வடிகட்டித் தின்னும் ஓர் உயிர், வாய் நிறைய அள்ளத்தக்க திரளாகவும் சேர்ந்து நிற்கிறது. அந்த அதிசயத்தின் மேல்தான் உலகின் மிகப் பெரிய உடம்பு நிற்கிறது. ஒரு நீலத் திமிங்கிலம் நாளுக்கு நான்கு டன் தின்னும் என்று நான் படித்த புத்தகத்தில் இருந்தது. திமிங்கிலங்களின் முதுகில் கருவி ஒட்டி அளந்த ஆய்வு 2021இல் வந்தது. அதில் சில பகுதிகளில் 16 டன் வரை போகிறது. பாடப்புத்தகம் எழுதியவர் திமிங்கிலத்தின் பசியைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார் போலிருக்கிறது. நம் கரையோரத்தில் இதே ஏணிதான், அளவு சிறியது. சேற்று நீரின் மக்கலையும் நுண்ணுயிரையும் சென்னாக்குன்னி தின்கிறது. அதைப் பன்னாவும் வாளையும் தின்கின்றன. மழைக்காலக் குழம்பும் அந்த ஏணியில் ஒரு படி.

கிரில்லின் பிறப்பு வரலாற்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. கோடையில் மேல்நீரில் இடும் முட்டை மிதப்பதில்லை. நாள்கணக்காக மூழ்கி, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போய்ப் பொரிக்கிறது. வாய்கூட முழுதாய் உருவாகாத குஞ்சு, முட்டைக்கருவில் கட்டிவந்த சோற்றை மட்டும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மேலே நீந்தி வர வேண்டும். வந்து கொஞ்ச காலத்திலேயே குளிர்காலம். மேல்நீரில் பாசி இராது, கடல் உறைந்திருக்கும். அப்போது குஞ்சுகள் பனிக்கட்டியின் அடிப்புறத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, அங்கே படிந்திருக்கும் பாசியைச் சுரண்டி மேயும். நம் வீட்டுக் கூரையைப் புல்வெளியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் குளிர்காலப் பனி குறைந்தால் குஞ்சுகளின் மேய்ச்சல் நிலமும் குறையும். வளர்ந்த கிரில் வேறு வழி வைத்திருக்கிறது. உணவில்லாவிட்டால் சட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும் முன்னிலும் சிறிய சட்டையைப் போட்டுக்கொள்ளும். அதாவது உடம்பே சுருங்கும். ஆய்வுக்கூடத்தில் 200 நாளுக்கு மேல் பட்டினி கிடந்து பிழைத்திருக்கிறது. நம் ஊரில் நோன்பிருப்பவர்கள் கவனிக்க.

இப்படிப்பட்ட உயிர் தென்கடலில் 30 முதல் 50 கோடி டன் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மனிதர் அனைவரையும் ஒரு தராசில் ஏற்றினால் ஏறக்குறைய அந்த எடைதான் வரும். பென்குவின், கடல்நாய், கடற்பறவை, மீன், கணவாய் எல்லாம் அந்தத் தட்டில் கை வைக்கின்றன. கிரில்லின் சிவப்பு நிறமி பென்குவினின் எச்சத்தையும் இளஞ்சிவப்பாக்குகிறது. விண்ணிலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கறையைக் கண்டு, யாரும் கணக்கில் வைத்திராத பெரிய அடேலி பென்குவின் கூட்டங்களை 2018இல் அறிவித்தார்கள். நம் ஏரிக்கு வரும் பூநாரையின் நிறமும் அது தின்னும் பாசியிலிருந்தும் பொடி உயிர்களிலிருந்தும் வருவதுதான். அந்த நிறமியின் உறவுக்காரப் பொருள்களே இரண்டிடத்திலும் வேலை செய்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் உலகின் தென்பாதிக் கடல்களில் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் ஏறக்குறைய 20 லட்சம். தின்னும் வாய் இத்தனை போய்விட்டால் கிரில் மலையாகக் குவிந்திருக்க வேண்டும் அல்லவா? சோவியத் நாடு அப்படி எண்ணித்தான் 1960களில் கப்பல் அனுப்பியது. கிரில்லை அரைத்து ‘ஓகேயான்’ என்ற பெயரில் பசையாக விற்றது. மக்களுக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. எதிர்பார்த்த குவியலும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் சொன்னவர்களில் முக்கியமானவர் விக்டர் ஸ்மெடாசெக். குமாவுன் மலைப்பகுதியில் வளர்ந்து, ஜெர்மனியில் கடலியல் அறிஞரானவர். தென்கடலில் பாசிக்கு எல்லாம் இருக்கிறது, இரும்பு மட்டும் பற்றாக்குறை. கிரில்லின் உடம்பில் இருக்கும் இரும்பைத் திமிங்கிலம் தின்று, மேல்நீரிலேயே கழிக்கிறது. 2010இல் வந்த ஓர் ஆய்வு, அந்தக் கழிவில் சுற்றியுள்ள கடல்நீரைவிட ஒரு கோடி மடங்கு இரும்பு இருப்பதாகக் காட்டியது. திமிங்கிலம் எரு போடுகிறது, பாசி தழைக்கிறது, கிரில் பெருகுகிறது. தின்பவனைக் கொன்றபோது உழவனையும் சேர்த்துக் கொன்றுவிட்டோம் என்பது அவர் கருத்து. கருதுகோள்தான், எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் ஆட்டுக்கிடை போட்டு வயலுக்கு எருவேற்றும் ஊரில் பிறந்த எனக்கு அது முதல் வாசிப்பிலேயே விளங்கியது.

2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து இதை ஒட்டித் தென்கடலில் ஒரு சோதனை செய்தன. பெயர் லோஹாஃபெக்ஸ். லோஹா என்றால் இந்தியில் இரும்பு. போலார்ஸ்டெர்ன் கப்பலில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்து ஆய்வாளர்களும் போனார்கள். ஸ்மெடாசெக்கும் நம் வாஜிஹ் நக்வியும் தலைமை. சூழல் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, கப்பல் காத்திருக்க வேண்டியிருந்தது, பிறகு அனுமதி கிடைத்தது. 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆறு டன் கரைந்த இரும்பைக் கலந்தார்கள். பாசி இரண்டு வாரத்தில் இரட்டிப்பானது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா குறைவு. கண்ணாடி ஓடு கட்டும் டயாட்டம் பாசி வளரவில்லை, மெல்லுடல் பாசிதான் வளர்ந்தது. அதை நுண்விலங்குகள் தின்றன, அவற்றைத் தெமிஸ்டோ என்ற பொடி ஓட்டுயிர் தின்றது. எரு போட்டாலே நெல் விளைந்துவிடாது, மண் எது என்று பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு திரும்பினார்கள். என் கணக்கில் இது வெற்றி.

அதற்கு முன்பே, 1995-96இல், நம் சாகர் சம்பதா கப்பல் கிரில்லைத் தேடியே தென்கடலுக்குப் போய்வந்தது. உணவாகுமா என்று பார்க்கத்தான். வணிகமாகப் பிடிக்க இந்தியா இறங்கவில்லை. 1999 மே மாதம் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து கடலின் நிறத்தைப் பார்க்கும் ஓஷன்சாட் ஏவப்பட்டது. பாசி எங்கே பச்சையாக இருக்கிறது என்று மேலிருந்து சொல்லும் கருவி. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் தீவிலிருந்துதான் அது கிளம்பியது. ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கம் படகு போகக் கூடாது. பாசியைப் பார்க்கப் போகும் கருவிக்காக மீனவர் ஒரு நாள் வேலையை விடுவது வேடிக்கைதான்.

இனி ஏரிக்கு வருகிறேன். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய… மன்னிக்கவும், சிலிக்கா கடலில் இருந்தது. சில்காவுக்கு அடுத்து இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. நம் பக்கம் சிறிய துண்டு. தெற்கே ஆரணியாறு, வடக்கே காளங்கி, சுவர்ணமுகி. சராசரி ஆழம் இன்று ஒரு மீட்டர் அளவுதான். டச்சுக்காரர் 1613இல் இங்கே கோட்டை கட்டி, துணி வாங்கியதையும் அடிமை ஏற்றியதையும் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். ஏரியின் பொடி உயிர்களை எழுதி வைக்க, சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் சஞ்சீவ ராஜ் வர வேண்டியிருந்தது. பல பத்தாண்டுகள் அவர் இந்த ஏரியோடு இருந்தார். என் தலைமுறைக்கு ஏரியைக் காட்டிக்கொடுத்தவர்களில் முதன்மையானவர்.

ஏரியின் உயிர் முகத்துவாரத்தில் இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடும். நூல் போன்ற குஞ்சு ஓதத்தோடு முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, ஏரியின் ஆழமில்லா நீரில் வளர்ந்து, பருவத்தில் கடலுக்குத் திரும்பும். கோடையில் மணல் ஏறி வாய் மூடிக்கொண்டால் வரவும் இல்லை, போக்கும் இல்லை. ஏரிநீர் கடலைவிட உப்பாகிவிடும். ஊரார் காசு சேர்த்து மணலை வெட்டிய ஆண்டுகள் உண்டு. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்தபின் மண்ணின் ஓட்டமே மாறிவிட்டது என்பது மீனவர்களின் நெடுநாள் குறை.

இந்த நீரில் எல்லாருக்கும் ஒரே இடம் இல்லை. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலையில் இருப்பதால். வலை வைத்திருப்பவர்களுக்குப் பாடு என்றொரு முறை. முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடத்தில்தான் இறால் மிகுதி. ஒருவரே அங்கே நிலையாக வலை கட்டினால் மற்றவர் பட்டினி. எனவே எந்த இடத்தில் எந்த நாளில் யார் என்று ஊர்க்கூட்டம் முறை வைக்கும். இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். புகழ்ச்சியோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பாடு, பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் உரிமை. பறியைக் கடித்த பெண்ணுக்கு அதில் முறை கிடையாது.

தென்கடலுக்கும் ஒரு பாடு இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் 1982 முதல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹோபர்ட்டில் அலுவலகம். இந்தியாவும் 1980களிலிருந்து உறுப்பினர். அங்கே கிரில்லுக்கு ஒரு விதி வைத்தார்கள். மனிதன் வலையே போடாதிருந்தால் எவ்வளவு கிரில் இருந்திருக்குமோ, பிடித்த பிறகும் அதில் முக்கால் பங்கு கடலில் இருக்க வேண்டும். பென்குவினுக்கும் திமிங்கிலத்துக்கும் கூறு கட்டி வைத்துவிட்டு, பிறகு மனிதனுக்கு. மீன்பிடிச் சட்டங்களில் இதற்கு இணை அரிது. தென்மேற்கு அட்லாண்டிக் பகுதிக்கு வரம்பு ஆண்டுக்கு 6,20,000 டன். அதோடு நில்லாமல், 2009இல் அந்த வரம்பை நான்கு உட்பகுதிகளுக்குப் பிரித்தார்கள். ஒரே இடத்தில் அள்ளக் கூடாது என்பதற்காக. மொத்தத்தில் கொஞ்சமாக எடுத்தாலும் அதைப் பென்குவின் குஞ்சு பொரித்திருக்கும் கரைக்கு முன்னால் எடுத்தால், அந்தக் குஞ்சுக்கு மொத்தக் கணக்கு சோறு போடாது. இதுதான் பாடு. ஹோபர்ட்டுக்காரர்கள் பழவேற்காட்டைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஆணையத்தில் எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. 2024இல் ஒத்துவரவில்லை. இடப் பங்கீடு காலாவதியானது. மொத்த வரம்பு மட்டும் மிஞ்சியது. அடுத்த பருவத்தில் கப்பல்கள் அண்டார்க்டிக் தீபகற்பக் கரையோரம் குவிந்தன. 2025 ஆகஸ்டிலேயே வரம்பு எட்டப்பட்டு, பருவம் முடியுமுன் பிடிப்பு நிறுத்தப்பட்டது. பிடித்ததில் பெரும்பகுதி வளர்ப்பு மீனுக்குத் தீவனம், கொஞ்சம் மாத்திரைக்கு எண்ணெய். யாருடைய குழம்புக்கும் இல்லை.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. எவ்வளவு பிடிப்பது என்ற கேள்வியை அறிவியலாளர் நன்றாகக் கேட்கிறார்கள். எங்கே, எப்போது, யார் முறை என்ற கேள்வியைக் குப்பத்துக்காரர்கள் நன்றாகக் கேட்டார்கள். குப்பத்துப் பாடு முறையில் பூநாரைக்குப் பங்கில்லை, இருளப் பெண்ணுக்கும் இல்லை. ஹோபர்ட் விதியில் பென்குவினுக்குப் பங்கு எழுத்திலாவது இருக்கிறது. நம் கரையிலோ சென்னாக்குன்னிக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று எழுதியவர் யாருமில்லை. இழுவைப்படகில் வரும் பொடி மீனுக்குக் கழசல் என்று பேர் வைத்து, தீவன ஆலைக்கு அனுப்புகிறோம். கழசல் என்று சொல்லிவிட்டால் எண்ண வேண்டியதில்லை.

குன்னி பிடிக்கும் ஏழையைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பொடி உயிரைப் பிடிக்கக் கொசுவலை போலப் பொடிக் கண்ணிதான் வேண்டும். அதில் வேறு குஞ்சும் விழும். 61 நாள் தடைக்காலம் இயந்திரப் படகை நிறுத்துகிறது. கரையில் நின்று வலை இழுப்பவரின் பசியை எது நிறுத்தும்?

கடைசியாகப் போனது ஒரு கோடையில். முகத்துவாரத்தில் மணல் ஏறியிருந்தது. ஆயா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார், முன்னால் காய்ந்த குன்னி நான்கைந்து கூறு. “நம்ம ஊருதா ஆயா?” என்றேன். “எங்க சார். காசிமேட்டுலேர்ந்து வந்தது. நம்ம ஊருதுன்னு சொல்லி வித்துடலாம், உனக்குத் தெரியவா போவுது” என்று சிரித்தார். ஒரு கூறு கேட்டேன். கட்டிக்கொடுத்துவிட்டு, பக்கத்துக் குவியலிலிருந்து இன்னும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து செய்தித்தாளில் கொட்டி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழக்கதோஷம். பெரும்பாலும் குன்னி, கடைசிக் கால்கள் இல்லாத குன்னிதான். நடுவில் நெத்திலிக் குஞ்சு பதினொன்று. கடுகளவு நண்டு நான்கு. உண்மையான இறாலின் குஞ்சுகள் ஏழு, எல்லாக் காலோடும். பன்னாக் குஞ்சு போல ஒன்று. பெயர் தெரியாமல் இரண்டு. தனித்தனியாகக் கூறு கட்டி வைத்துவிட்டு, எழுதிக்கொள்ள நோட்டை எடுக்க எழுந்தேன். திரும்பி வருவதற்குள் என் மனைவி எல்லாக் கூறுகளையும் ஒன்றாக அள்ளி வாணலியில் போட்டுவிட்டிருந்தாள்.